கைக்குழந்தையின் படுக்கை: தூளியிலிருந்து ஆலைத் தொட்டில் வரை

பிறந்த குழந்தைக்கு எவ்வளவு படுக்கை வேண்டும் என்பது பிள்ளை பிறந்த ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி. தமிழ்நாட்டில் இதற்கு வீடு, சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் விடை சொல்லியுள்ளன. வீடு பழைய நூல் சேலையைத் தூளியாகக் கட்டியது. ஆலைச் சட்டமும் அதன் விதிகளும் பெண் தொழிலாளரின் குழந்தை ஒவ்வொன்றுக்கும் தேவையான படுக்கையுடன் ஒரு தொட்டில் வேண்டும் என்றன. மருத்துவம் முதலில் குளிரிலிருந்தும், பிறகு மூச்சுத்திணறலிலிருந்தும் குழந்தையைக் காக்கும் நோக்கில் படுக்கையின் அளவை வரையறுத்தது. இம்மூன்று விடைகளும் இன்று ஒருங்கே சந்திக்கும் இடங்களுள் ஒன்று, மண்ணூர் போன்ற சிற்றூர்களை உள்ளடக்கிய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி. இக்கட்டுரை அவ்விடைகளின் வரலாற்றைத் தொகுத்துரைக்கிறது.

தூளி

துணியால் கட்டப்படும் தொட்டில் தூளி எனப்படும். ஈழத்திலும் தமிழகத்தின் சில பகுதிகளிலும் ஏணை என்ற சொல் வழங்குகிறது. கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் உத்தரத்தில் கயிறு கட்டி, அதில் சேலையின் இரு முனைகளையும் முடிந்து தொங்கவிடுவர். துணி குழந்தையை மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பு செருகப்படுவதுண்டு. களத்துமேட்டிலும் நடவு வயலின் ஓரத்திலும் மரக்கிளையே உத்தரமாயிற்று. வேலை செய்யும் தாயின் பார்வைக்குள், பூச்சியும் ஈரமும் அணுகாத உயரத்தில், காற்றோட்டமாகக் குழந்தையைப் படுக்கவைக்க இதைவிடச் செலவு குறைந்த ஏற்பாடு இல்லை.

தமிழ் இலக்கியத்தில் தொட்டிலுக்கு இடம் உண்டு. பெரியாழ்வார் திருமொழி மணிகள் பதித்த பொன் தொட்டிலில் கண்ணனைத் தாலாட்டுகிறது. பிள்ளைத்தமிழ் நூல்களில் தாலப் பருவம் என்றே ஒரு பகுதி உள்ளது. பொன்னும் மணியும் இலக்கியத்துக்கு உரியவை; பெரும்பாலான வீடுகளில் தொட்டில் என்பது துவைத்துத் துவைத்து மென்மையான சேலைதான்.

பழைய துணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் பல. புதுத்துணியின் கஞ்சியும் சாயமும் குழந்தையின் தோலை உறுத்தும். பழைய நூல் துணி ஈரத்தை விரைவில் உறிஞ்சும். வெயிலில் சீக்கிரம் காயும். பிறப்பதற்கு முன்பே குழந்தைக்கென்று எதையும் வாங்கிவைக்கக் கூடாது என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் இருந்தது. கருவும் சிசுவும் பெருமளவில் இறந்த காலத்தில் அந்த நம்பிக்கைக்கு ஒரு துயரப் பின்னணியும் உண்டு. ஆகவே பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் சேலையும் தாத்தாவின் வேட்டியுமே முதல் படுக்கையாயின. புதுத்தொட்டிலும் புதுத்துணியும் பெயர் சூட்டித் தொட்டிலில் இடும் சடங்கோடுதான் வந்தன.

வீட்டின் கணக்கு

வீட்டில் படுக்கையின் அளவைத் தீர்மானித்தது தடிமனல்ல, மாற்றுத்துணியின் எண்ணிக்கை. கைக்குழந்தை ஒரு நாளில் பல முறை நனைக்கும். ஒரு துணி விரித்திருக்க, ஒன்று துவைப்பில் இருக்க, ஒன்று காய்ந்துகொண்டிருக்க, மற்றொன்று மடித்துவைக்கப்பட்டிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது. அப்போது எண்ணிக்கை இரட்டிக்கும். பழைய துணிகளைச் சேர்த்துத் தைத்த மெத்தை விரிப்புகளும், பின்னாளில் அவற்றின் அடியில் போடும் ரப்பர் ஷீட்டும் இந்தத் தேவைக்கே வந்தவை.

இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் வசதியுள்ள வீடுகளில் இருந்தன. தலை உருண்டையாக வரும் என்று கடுகு நிரப்பிய சிறு தலையணை வைக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் காணப்படுகிறது. தூளியில் தலையணைக்கு இடமில்லை. அதில் குழந்தை மல்லாந்தே கிடக்கும். புரண்டு குப்புறப் படுக்க இயலாது. இந்த இயல்பின் முக்கியத்துவம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ ஆய்வுகளால் தெரியவந்தது.

தூளிக்குக் குறைகளும் உண்டு. துணி குழிந்து இறங்கினால், தலை தாங்காத பச்சிளங்குழந்தையின் மோவாய் மார்பில் படிந்து மூச்சுவழி குறுகலாம். முடிச்சு அவிழ்ந்தோ துணி கிழிந்தோ குழந்தை விழலாம். சற்று வளர்ந்த பிள்ளைகள் தூளியை ஊஞ்சலாக்கிச் சுழலும்போது கழுத்தில் துணி இறுகிய விபத்துகளை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் சரோங் தொட்டிலிலிருந்து விழுந்து குழந்தைகளுக்குத் தலைக்காயம் ஏற்பட்டது பற்றிய ஆய்வுகளும் வெளிவந்துள்ளன. அருகில் ஆள் இருப்பதை முன்வைத்தே தூளி உருவானது. தாய் வேலைக்குப் போய், பாட்டியும் அத்தையும் இல்லாத வீட்டில் அந்த முன்நிபந்தனை தளர்ந்துவிடுகிறது.

ஆலைக்குள் வந்த தொட்டில்

தாயின் வேலையிடம் வயலிலிருந்து ஆலைக்கு மாறியபோது தூளி கட்ட மரக்கிளை இல்லாமல் போயிற்று. ஐரோப்பாவில் இச்சிக்கல் முன்னதாகவே எழுந்தது. 1844-இல் ஃபிர்மின் மார்போ என்பவர் பாரிஸ் நகரில் உழைக்கும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கென ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் கிரெச். பிரெஞ்சில் அச்சொல்லுக்குத் தீவனத் தொட்டி என்று பொருள். ஏசு பிறந்தபோது கிடத்தப்பட்ட இடத்தை அது நினைவூட்டியது. இன்று தமிழ்நாட்டின் தொழிற்சாலைகளில் வழங்கும் கிரெச் என்ற சொல்லின் மூலம் இதுவே.

இந்தியப் பஞ்சாலைகளில் பெண்கள் நூல் சுற்றும் பிரிவிலும் கழிவுப்பஞ்சு பொறுக்கும் பிரிவிலும் வேலை செய்தனர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாய்மார் அதை ஆலைக்குள்ளேயே கொண்டுவந்து, பஞ்சுத்தூசிக்கும் இயந்திர இரைச்சலுக்கும் நடுவே கிடத்தினர். வீட்டில் விட்டுச்சென்றால் குழந்தை அழாமல் தூங்க அபின் கொடுக்கும் வழக்கம் பம்பாய் ஆலைப்பகுதிகளில் பரவியிருந்தது. 1929-இல் நியமிக்கப்பட்டு 1931-இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிலாளர் நிலைக்கான அரச ஆணையம், பெண்கள் அதிகம் வேலைசெய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 50-க்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை ஒதுக்கும்படி விதி வகுக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டின் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. அதன் 48-ஆம் பிரிவின்படி காப்பகத்துக்குப் போதிய இடமும் வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் அதன் பொறுப்பில் இருக்க வேண்டும். 1976-இல் வந்த திருத்தம் பெண்களின் எண்ணிக்கையை 50-லிருந்து 30-ஆகக் குறைத்தது.

இச்சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட மாதிரி விதிகளும், அவற்றையொட்டி மாநிலங்கள் வகுத்த விதிகளும் மேலும் நுணுக்கமானவை. குழந்தை ஒன்றுக்கு 20 சதுர அடி தரைப்பரப்பு, ஒவ்வொரு குழந்தைக்கும் தகுந்த கட்டில் அல்லது தொட்டில், அதனுடன் தேவையான படுக்கை, பாலூட்டும் தாய்க்கு ஓர் இருக்கை, நாளொன்றுக்கு அரை பைன்ட் சுத்தமான பால், குளிப்பாட்டவும் துவைக்கவும் குழந்தைக்கு ஐந்து கேலன் தண்ணீர், சோப்பு, துண்டு என்று அவை பட்டியலிட்டன. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தொட்டில் இல்லாவிட்டாலும் படுக்கை இருந்தால் போதும்.

இப்பட்டியலில் பாலுக்கும் தண்ணீருக்கும் தரைக்கும் அளவு உண்டு. படுக்கைக்கு மட்டும் அளவு இல்லை. தேவையான என்ற ஒரு சொல்லோடு விதி நின்றுவிடுகிறது. எவ்வளவு தேவை என்பதை முடிவு செய்யும் பொறுப்பு காப்பகத்தை நடத்தும் பெண்ணிடம் விடப்பட்டது. தண்ணீரின் அளவோ வீட்டின் பழைய கணக்கோடு ஒத்துப்போகிறது: கைக்குழந்தையின் படுக்கை என்பது பெரும்பாலும் துவைப்பைப் பற்றியது.

தோட்டங்களும் கட்டட வேலையிடங்களும்

ஆலைகளுக்கு வெளியே தமிழ்க் குழந்தைகள் பெரும் எண்ணிக்கையில் காப்பகங்களில் வளர்ந்த இடம் தேயிலைத் தோட்டம். இலங்கை மலையகத்தில் அது பிள்ளைக்காம்பரா எனப்பட்டது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடியலில் குழந்தையை அங்கே விட்டுச்செல்வர். வரிசையாகக் கட்டிய துணித்தொட்டில்களை ஓர் ஆயா கவனித்துக்கொள்வார். இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தை வலியுறுத்தியது. நீலகிரி, வால்பாறைத் தோட்டங்கள் அதன் வரம்பில் வந்தன. மலைக்குளிரில் அங்கே தேவைப்பட்ட கம்பளி சமவெளி ஆலைகளில் தேவைப்படவில்லை.

கட்டட வேலையிடங்களில் நிலைமை வேறு. வேலை முடிந்ததும் இடம் மாறுவதால் நிலையான அறை அமைவதில்லை. 1969-இல் டெல்லியில், காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமான இடத்தில் புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுவே மொபைல் கிரெச்சஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது.

மருத்துவத்தின் இரு விடைகள்

படுக்கையின் அளவு பற்றி இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் இரண்டு வேறு திசைகளிலிருந்து பேசியது.

முதல் கவலை குளிர். பிறந்த குழந்தையின் இயல்பான உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை. எடை குறைந்த குழந்தை வெப்பமான நாட்டிலும் விரைவில் குளிர்ந்துபோகும். பிறந்ததும் ஈரம் துடைத்தல், தாயின் மேனியோடு சேர்த்து வைத்தல், குளிப்பாட்டுவதைத் தள்ளிப்போடுதல், பெரியவர்கள் உடுத்துவதைவிட ஓரிரு அடுக்கு கூடுதலாக உடுத்துதல் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வலியுறுத்தியது. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978-இல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கார் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை எனப்படும் இதனை இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் சோதித்த ஆய்வு 2021-இல் வெளியானது. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை வரையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கியபோது, முதல் 28 நாட்களில் இறப்பு நூற்றுக்கு 15.7-லிருந்து 12-ஆகக் குறைந்தது. மிகச் சிறிய குழந்தைக்குத் தாயின் மார்பைவிடச் சிறந்த படுக்கை இல்லை என்பதை இந்த ஆய்வு காட்டியது.

இரண்டாவது கவலை மூச்சு. நலமாக உறங்கச் சென்ற குழந்தை காரணம் தெரியாமல் இறந்துகிடப்பதைத் திடீர் சிசு இறப்பு என்பர். மேற்கு நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கும் பழக்கம் பரவியிருந்தது. அதற்கும் இந்த இறப்புகளுக்கும் உள்ள தொடர்பு தெரிந்தபின் மல்லாந்து படுக்கவைக்கும்படி பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் பரப்புரை தொடங்கியது. இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. அடுத்து, தொட்டிலுக்குள் இருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. தலையணை, பஞ்சு நிறைத்த போர்வை, பொம்மை, தொட்டிலின் ஓரங்களில் கட்டும் மெத்துப்பட்டை எல்லாம் முகத்தை மூடக்கூடியவை எனக் கண்டனர். 2022-இல் அமெரிக்கா ஒரு சட்டத்தின் வழியாக மெத்துப்பட்டைகளின் விற்பனையையே தடைசெய்தது.

இவ்விரு விடைகளும் முரண்பட்டவையாகத் தோன்றலாம். ஆனால் அவை பேசுவது வெவ்வேறு பொருள்களைப் பற்றி. வெப்பம் குழந்தையின் உடம்போடு சேர்ந்த துணியிலிருந்தும் தாயின் உடம்பிலிருந்தும் வர வேண்டும். தொட்டிலில் தளர்வாகக் கிடக்கும் மெத்தென்ற பொருளிலிருந்து அல்ல. உடுப்பில் ஒரு அடுக்கைக் கூட்டலாம். படுக்கையில் கூட்டக் கூடாது.

பெட்டகத்தில் வந்த படுக்கை

குழந்தையின் முதல் படுக்கையை அரசே வழங்கிய முன்னோடி நாடு பின்லாந்து. 1938 முதல் ஏழைத் தாய்மாருக்குத் துணி, போர்வை முதலியன அடங்கிய பெட்டி அளிக்கப்பட்டது. 1949 முதல் அது எல்லாத் தாய்மாருக்கும் விரிந்தது; கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பின்னாளில் அந்த அட்டைப்பெட்டியின் அடியில் மெத்தையும் சேர்க்கப்பட, பெட்டியே தொட்டிலாயிற்று.

தமிழ்நாட்டில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் வழங்கப்படலாயிற்று. துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு முதலியவை அதில் இருந்தன. பிறப்பதற்கு முன் எதையும் வாங்காத வழக்கத்துக்கும் இது பொருந்தியது. பெட்டகத்தில் கொசுவலை இடம்பெற்றது இந்நிலத்துக்குரிய தேவை. கொசுவால் பரவும் நோய்கள் உள்ள ஊரில் வலை என்பது படுக்கையின் ஒரு பகுதி. பின்லாந்தின் பெட்டியில் அதற்கு வேலை இல்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி

இராமானுசர் பிறந்த ஊராகவும் ஏரிப்பாசன ஊராகவும் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், 1990-களின் இறுதியில் தொழிற்பகுதியாக மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, 2014-இல் மூடப்படும் வரை இளம்பெண்களைப் பெருமளவில் வேலைக்கு அமர்த்தியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. பின்னர் மின்னணுப் பொருள் ஆலைகள் பெருகின. மண்ணூர் முதலிய ஊர்களில் வயல்களுக்கு அருகே வாடகைக் குடியிருப்புகள் எழுந்தன. பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் அவற்றில் குடியேறினர்.

இம்மாற்றம் கைக்குழந்தையின் படுக்கையிலும் தெரிகிறது. சொந்த வீடு கட்டுவோர் கூரை வார்க்கும்போதே தூளிக்கென ஒரு கொக்கியைப் பதித்துவிடுவர். ஓரறை வாடகை வீட்டில் இருப்பது மின்விசிறிக் கொக்கி மட்டும். எனவே இரும்புக் குழாயாலான ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும் கொண்ட தொட்டில் உத்தரத்தின் இடத்தைப் பிடித்தது. கம்பிக்கூரையின் வெப்பத்தில், சித்திரை வைகாசி இரவுகளில், கடையில் வாங்கிய பஞ்சுமெத்தை குழந்தைக்கு வேர்வையையும் வேர்க்குருவையும் தரும். நூல் துணியே அங்கு ஏற்றது.

சட்டமும் இக்காலத்தில் மாறியது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 12 வார விடுப்பு அளித்தது. பேற்றுக்குப் பின் ஆறு வாரத்தில் தாய் ஆலைக்குத் திரும்பக்கூடும் என்பதால் ஆலைத் தொட்டிலில் பச்சிளங்குழந்தையே கிடந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியதோடு, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே செல்லவும் உரிமை தந்தது. 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இக்காப்பகங்களை 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியவை என வரையறுத்தன. இவ்வாறு பிறந்த குழந்தையின் தொட்டில் ஆலையிலிருந்து மீண்டும் வீட்டுக்கு வந்தது.

எனினும் இடைவெளிகள் உள்ளன. பேற்றுக்கு முன்பே எட்டு வாரம் விடுப்பு எடுத்த தாய் 18 வாரக் குழந்தையோடு வேலைக்குத் திரும்ப நேரும். காப்பகம் ஏற்கும் வயதுக்கு அப்போது ஏறத்தாழ இரண்டு மாதம் குறைகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வழியாக மகப்பேற்றுத் தொகை பெறக் குறைந்தது 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அடிக்கடி வேலை மாறும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இது எளிதல்ல. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. விடுதி தனியாகத் தங்கும் பெண்ணுக்கு உரியது. அவர் தாயாகும்போது படுக்கையும் தொட்டிலும் வாடகை வீட்டுக்கு மாறுகின்றன.

காப்பகக் கடமையைப் பெண்களின் எண்ணிக்கையோடு கட்டிய பழைய விதி, குழந்தைப் பராமரிப்பைப் பெண்ணின் தேவையாக மட்டும் பார்த்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 50-க்கு மேற்பட்ட தொழிலாளர் என்று ஆண், பெண் வேறுபாடின்றிக் கணக்கிடுகிறது. ஒன்றிய அரசின் குழந்தைக் காப்பகத் திட்டம் 2022-இல் பால்னா எனப் பெயர் மாற்றப்பட்டது. இந்தியில் அச்சொல்லுக்குத் தொட்டில் என்று பொருள்.

இன்றைய அளவு

குழந்தை மருத்துவர்கள் இன்று கூறும் அளவு சிறியது. சமமான, அழுத்தினால் குழியாத ஒரு மெத்தை அல்லது கெட்டியான விரிப்பு, அதன்மேல் நீர்புகாத ஒரு ஷீட், இறுக்கமாக விரித்த ஒரு நூல் துணி, சுற்றிலும் கொசுவலை. தலையணை, தடித்த போர்வை, மெத்துப்பட்டை ஆகியவை முதல் ஆண்டில் வேண்டியதில்லை. குளிராக இருந்தால் உடுப்பில் ஓர் அடுக்கு கூட்டலாம். வெப்பம் போதுமா என்பதைக் கையையும் காலையும் தொட்டுப் பார்ப்பதைவிட மார்பையும் கழுத்தின் பின்புறத்தையும் தொட்டுப் பார்ப்பது சரியான முறை. மாற்றுவதற்கு நான்கைந்து துணிகள் வேண்டும். மழைக்காலத்தில் அதற்கும் மேல்.

தூளி கட்டுவதானால் தரைக்கு அருகில், குறுக்குக் கம்புடன், துணி ஆழமாகக் குழியாதபடி, கீழே பாய் விரித்துக் கட்ட வேண்டும். பெரியவர் ஒருவர் அருகிலிருக்க வேண்டும். இரவில் நெடுநேரம் தூங்கவைக்கச் சமமான படுக்கையே ஏற்றது. பழைய சேலையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மெத்தையின்மேல் இறுக்கமாக விரித்தால் அதுவே நல்ல விரிப்பு.